ஆலன் பிளம்லைன்

ஆலன் டோவர் பிளம்லைன் (ஜூன் 29, 1903 – ஜூன் 7, 1942) ஓர் ஆங்கிலேய மின்னணுப் பொறியியலாளர் ஆவார். ஒலியை இரண்டு தடங்களில் பதிந்து, இரண்டு ஒலிபெருக்கிகளின் வழியே கேட்போருக்குத் திசையுணர்வைத் தரும் ஸ்டீரியோ ஒலிப்பதிவு முறையின் தந்தையாக இவர் கருதப்படுகிறார். தொலைபேசி, தொலைக்காட்சி, ராடார் ஆகிய துறைகளிலும் பெரும் பங்களித்துள்ளார். இவர் பெயரில் 128 காப்புரிமங்கள் உள்ளன.

இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்கோணத்தில் வைத்து ஒலியைப் பதியும் முறை இவர் பெயரால் பிளம்லைன் இணை என வழங்குகிறது. கித்தார் போன்ற தனி இசைக்கருவிகளைப் பதிவதற்கு ஒலிப்பதிவாளர்கள் இன்றும் இம்முறையைக் கையாளுகின்றனர். எனினும் பிளம்லைன் வாழ்ந்த காலத்தில் இம்முறையில் பதிவான இசைத்தட்டு ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. 38 ஆம் அகவையில் போர்க்கால வானூர்தி விபத்தில் இவர் இறந்தபோது, அச்செய்தியும் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

பிறப்பும் கல்வியும்

பிளம்லைன் இலண்டன் நகரின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை செம்மி பிளம்லைன் செருமனியில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். தாய் ஜெஸ்ஸி டோவர், தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய இசுக்கொட்லாந்து சமயப் பரப்பாளர் ஒருவரின் மகள் ஆவார்.

ஏழு அகவையில் வீட்டின் அழைப்பு மணியைப் பழுதுபார்த்து, மின்பொறியாளர் எனக் கையொப்பமிட்ட கூலிச் சீட்டொன்றைத் தந்தையிடம் நீட்டியதாக இவரைப் பற்றிக் கூறுவர். படிப்பதில் இவர் மிகவும் பின்தங்கியிருந்தார். பன்னிரண்டு அகவை வரை சரளமாக வாசிக்க இயலவில்லை என இவருடைய தமக்கை பின்னர் நினைவுகூர்ந்தார். கணிதத்தில் அத்தகைய தடை எதுவும் இருக்கவில்லை.

ஹைகேட் பள்ளியில் பயின்று 1921 இல் வெளியேறிய பிளம்லைன், உதவித்தொகை பெற்று, இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் அங்கமான சிட்டி அண்டு கில்ட்ஸ் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, முதல் வகுப்பில் பட்டம் பெற்றார்.

தொலைபேசித் துறையில்

1924 இல் இண்டர்நேசனல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பிளம்லைன் பணியில் சேர்ந்தார். இந்நிறுவனம் பின்னர் ஸ்டாண்டர்டு டெலிபோன்ஸ் அண்டு கேபிள்ஸ் எனப் பெயர் மாறியது. மனிதச் செவி வெவ்வேறு அதிர்வெண்களை எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதை அளப்பது இவருடைய தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று.

அக்காலத்தில் நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடங்களில், ஓர் இணைக் கம்பியில் செல்லும் பேச்சு அருகிலுள்ள இணையிலும் மெல்லக் கேட்பது பெரும் குறையாக இருந்தது. தடங்களில் இடையிடையே பொருத்தப்படும் சுருள்களின் இரு பாதிகளும் துல்லியமாகச் சமனாக இல்லாததே இதற்கு ஒரு காரணம். ஜான் பெர்சி ஜான்ஸ் என்பவருடன் சேர்ந்து பிளம்லைன் 1925–26 இல் உருவாக்கிய மேம்பட்ட சுருள் இக்குறையைக் குறைத்தது. நெருங்கிப் பிணைந்த மின்மாற்றிச் சுருள்களைக் கொண்டு இயங்கும் மாறுமின்னோட்டச் சமனச் சுற்று ஒன்றையும் இவர் வடிவமைத்தார். பள்ளிப் பாடத்தில் வரும் வீட்ஸ்டன் சமனச் சுற்றின் உறவினம் எனலாம். மிகச் சிறிய மின்தேக்குத் திறன்களையும் இதனால் அளக்க முடிந்தது.

இரண்டு மின்குறிகளை அருகருகே வைத்து, அவற்றின் கூட்டலையும் வேறுபாட்டையும் தனித்தனியே கையாளும் அணுகுமுறை பிளம்லைனின் பணிகள் பலவற்றில் காணப்படுகிறது. இவருடைய ஸ்டீரியோ முறைக்கும் அதுவே அடித்தளமாயிற்று.

இசைத்தட்டு வெட்டும் கருவி

1929 இல் பிளம்லைன் கொலம்பியா கிராபபோன் நிறுவனத்திற்கு மாறினார். அங்கு ஐசக் சோன்பெர்க் இவருடைய மேலாளராக இருந்தார். அந்நாளில் மின்முறையில் இசைத்தட்டு வெட்டுவதற்கு அந்நிறுவனம், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் நகரும் இரும்பு வெட்டுத்தலைக்காக உரிமத்தொகை செலுத்தி வந்தது. அந்தக் காப்புரிமத்தில் சிக்காத மாற்று வழியைக் காண்பதே பிளம்லைனிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பணி. இவர் நகரும் சுருளால் இயங்கும் வெட்டுத்தலையை உருவாக்கினார். ஹெர்பர்ட் ஹோல்மன், ஹாம் கிளார்க் ஆகியோர் இக்குழுவில் முதன்மையாகப் பங்கேற்றனர். உரிமத்தொகை மிச்சமானதுடன் ஒலியின் தரமும் உயர்ந்தது.

1931 இல் கொலம்பியா நிறுவனமும், ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த கிராமபோன் நிறுவனமும் இணைந்து ஈ.எம்.ஐ. நிறுவனம் உருவானது. பிளம்லைன் ஹேய்ஸ் நகரில் அமைந்த அதன் ஆய்வகத்திற்கு மாறினார். ஹோல்மனுடன் இணைந்து இவர் உருவாக்கிய எச்.பி. வரிசை நகரும் சுருள் ஒலிவாங்கிகள், ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பி.பி.சி.யின் அலெக்சாண்ட்ரா அரண்மனை நிலையத்திலும் பயன்பட்டன.

ஸ்டீரியோ எண்ணத்தின் தோற்றம்

1931 இல் பின்னாளில் தம் மனைவியான டோரீன் லேனுடன் பிளம்லைன் திரைப்படம் ஒன்றைக் காணச் சென்றார். பேசும் படங்கள் பரவத் தொடங்கிய காலம் அது. திரையின் ஓரத்தில் நின்று நடிகர் பேச, குரல் மட்டும் வேறோர் இடத்திலிருந்து வந்தது இவரை உறுத்தியது. நடிகர் நகரும்போது குரலும் உடன் நகரச் செய்யத் தம்மிடம் வழி உண்டு என்று டோரீனிடம் கூறியதாக அறியப்படுகிறது.

அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று பிளம்லைன் காப்புரிமத்துக்கு விண்ணப்பித்தார். 1933 ஜூன் 14 இல் அது 394,325 என்னும் எண்ணுடன் ஏற்கப்பட்டது. 70 உரிமைக் கோரல்களைக் கொண்ட இவ்வாவணத்தின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- ஒரே இடத்தில் செங்கோணத்தில் அமைந்த இரு திசையுணர் ஒலிவாங்கிகள்.
- இடைவெளி விட்டு வைத்த இரு ஒலிவாங்கிகளுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டை ஒலியளவு வேறுபாடாக மாற்றும் மின்சுற்று.
- இடம், வலம் ஆகிய தடங்களைக் கூட்டல் தடமாகவும் வேறுபாட்டுத் தடமாகவும் மாற்றி, மீண்டும் பிரித்தெடுக்கும் முறை.
- இசைத்தட்டின் ஒரே வரிப்பள்ளத்தில், ஒன்றுக்கொன்று செங்கோணமாகவும் செங்குத்துக்கு 45 பாகை சாய்ந்தும் உள்ள இரு சுவர்களில் இரு தடங்களையும் வெட்டும் முறை.

ஒலிவாங்கியிலிருந்து ஊசிமுனை வரை ஒரு முழுமையான அமைப்பு இதில் விளக்கப்பட்டிருந்தது. விண்ணப்பித்தபோது பிளம்லைனுக்கு அகவை 28.

பிளம்லைன் இணை செயல்படும் விதம்

மனிதர்கள் ஒலியின் திசையை முதன்மையாக இரு குறிப்புகளால் அறிகின்றனர். ஒன்று, ஒலி இரு செவிகளையும் அடையும் நேரத்தில் உள்ள வேறுபாடு. மற்றது, அவ்விரு இடங்களிலும் அதன் அளவில் உள்ள வேறுபாடு. ஒலிபெருக்கிகளின் வழியே கேட்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. இடப்புற ஒலிபெருக்கியின் ஒலி இடச் செவியுடன் நிற்பதில்லை. சற்றுத் தாமதித்து வலச் செவியையும் அடைகிறது. வலப்புற ஒலிபெருக்கிக்கும் இது பொருந்தும்.

இந்தச் சிக்கலிலேயே தீர்வும் அடங்கியிருப்பதைப் பிளம்லைன் உணர்ந்தார். இரு ஒலிபெருக்கிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே குறியை வெவ்வேறு அளவில் செலுத்தினால், தாழ்ந்த அதிர்வெண்களில் அவை கேட்பவரின் செவிகளில் கலந்து நேர வேறுபாடாக மாறுகின்றன. ஆகவே பதிவில் நேர வேறுபாடு தேவையில்லை. அளவு வேறுபாடு மட்டுமே போதுமானது.

இதற்குப் பொருத்தமானது, முன்னும் பின்னும் சமமாகக் கேட்டு, இரு பக்கங்களிலும் கேளாத ஒலிவாங்கி ஆகும். அதன் உணர்திறனை வரைந்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் கிடைக்கும். ரிப்பன் ஒலிவாங்கிகள் இயல்பாகவே இவ்வகையின. அச்சிலிருந்து விலகும் கோணத்தின் கோசைன் மதிப்புக்கேற்ப இதன் உணர்திறன் குறைகிறது.

இத்தகைய இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை 45 பாகை இடப்புறமும் மற்றதை 45 பாகை வலப்புறமும் திருப்ப வேண்டும். நடுவிலிருந்து வரும் ஒலியை இரண்டும் சமமாக, ஒவ்வொன்றும் 0.707 பங்கு வாங்கும். 45 பாகை இடப்புறத்திலிருந்து வரும் ஒலியை இட ஒலிவாங்கி முழுமையாக வாங்கும். வல ஒலிவாங்கி அதை வாங்காது. 20 பாகை இடப்புறத்தில் உள்ள ஒலி, இடத்தில் 0.906 பங்கும் வலத்தில் 0.423 பங்கும் பதிவாகும். இவ்வாறு ஒவ்வொரு திசைக்கும் தனியான ஓர் அளவு விகிதம் அமைகிறது. ஒலிவாங்கிகள் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருப்பதால் நேர வேறுபாடு தோன்றுவதில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகமும் வேறொரு வழியில் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தது. 1933 ஏப்பிரலில் பிலடெல்பியா நகரில் இசைக்குழு வாசித்ததை, இடைவெளி விட்டு வைத்த ஒலிவாங்கிகளால் வாங்கி, மூன்று தடங்களில் வாசிங்டனில் ஒலிக்கச் செய்தனர். ஒரே புள்ளியில் வைக்கும் முறை, இடைவெளி விட்டு வைக்கும் முறை என்னும் இவ்விரண்டு வழிகளும் இன்றும் ஒலிப்பதிவுத் துறையில் அருகருகே நிலவுகின்றன.

சோதனைகளும் முடக்கமும்

1933 டிசம்பரில் ஹேய்ஸ் ஆய்வகத்தில் முதல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வெட்டப்பட்டன. ஆய்வாளர்கள் நடந்துகொண்டே பேசிய பேச்சே அவற்றில் பதிவாகியது. 1934 சனவரியில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், தாமஸ் பீச்சம் இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு மொசார்ட்டின் ஜூபிட்டர் சிம்பொனியைப் பயிற்சி செய்தபோது, அது ஸ்டீரியோ முறையில் பதியப்பட்டது. 1935 இல் ஹேய்ஸ் தொடர்வண்டி நிலையத்தின் வழியே வண்டிகள் கடப்பதைக் காட்டும் குறும்படம் ஒன்று ஸ்டீரியோ ஒலியுடன் எடுக்கப்பட்டது. வண்டியின் ஒலி திரையில் வண்டியோடு சேர்ந்து நகர்ந்தது. திரையரங்கில் தோன்றிய எண்ணம் இவ்வாறு நான்கே ஆண்டுகளில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் ஈ.எம்.ஐ. இதை வணிகத்துக்குக் கொண்டுவரவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தால் இசைத்தட்டு விற்பனை வீழ்ந்திருந்தது. அரக்குத் தட்டின் உராய்வு இரைச்சலும் மிகுதி. நிறுவனத்தின் கவனம் தொலைக்காட்சியின் பக்கம் திரும்ப, பிளம்லைனும் அப்பணிக்கு மாற்றப்பட்டார். ஸ்பானியக் கித்தார்க் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா 1927 முதல் 1939 வரை ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் பெயரில் வெளியிட்ட புகழ்பெற்ற பதிவுகளும் ஒற்றைத் தடப் பதிவுகளே. கித்தாரின் அகலத்தைக் காட்டவல்ல முறையின் காப்புரிமம் அந்நிறுவனத்திடமே இருந்தது.

தொலைக்காட்சி

1936 நவம்பர் 2 அன்று பி.பி.சி. அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர்டு முறையுடன் போட்டியிட்டு வென்ற மார்க்கோனி–ஈ.எம்.ஐ.யின் 405 வரி முறை, 1980களின் நடுப்பகுதி வரை பிரித்தானியாவில் நீடித்தது. சோன்பெர்க் தலைமையிலான குழுவில் மின்சுற்று வடிவமைப்பின் பெரும்பகுதி பிளம்லைனுடையது.

1936 இல் இவர் காப்புரிமம் கோரிய ஒரு மின்சுற்று, இரண்டு வெற்றிடக் குழல்களைப் பொது மின்தடையில் இணைத்து, இரு குறிகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்குகிறது. இன்று ஒருங்கிணைந்த சுற்றுகளில் உள்ள செயல்பாட்டுப் பெருக்கிகளின் உள்ளீட்டுப் பகுதி இவ்வடிவத்தையே பின்பற்றுகிறது.

ராடாரும் இறப்பும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் பிளம்லைன் ராடார் ஆய்வில் ஈடுபட்டார். நொடியின் மிகச் சிறு பங்கில் பேரளவு மின்திறனை வெளியிடும் துடிப்புச் சுற்றுகளில் இவருடைய பணி முதன்மையானது. பின்னர், இரவிலும் மேகமூட்டத்திலும் தரையின் அமைப்பைக் குண்டுவீச்சு வானூர்திக்குக் காட்டும் எச்2எஸ் ராடாரின் உருவாக்கத்தில் பங்கேற்றார்.

1942 ஜூன் 7 அன்று, எச்2எஸ் கருவியைச் சோதிக்க, வி9977 என்னும் எண்ணுடைய ஹாலிபாக்ஸ் வானூர்தி டெஃபர்டு தளத்திலிருந்து புறப்பட்டது. பிளம்லைனும் ஈ.எம்.ஐ.யைச் சேர்ந்த செசில் பிரவுன், பிராங்க் பிளைதன் ஆகியோரும் அதில் இருந்தனர். வலப்புற வெளி எந்திரத்தில் தீப்பற்றியது. இறங்க இடம் தேடிய வானூர்தி, ஹெர்பர்டுசயர் மாவட்டத்தில் வை ஆற்றங்கரையிலுள்ள வெல்ஷ் பிக்னர் அருகே நொறுங்கி விழுந்தது. அதில் இருந்த 11 பேரும் இறந்தனர்.

எந்திரத்தைச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவன வல்லுநர்கள் ஆராய்ந்ததில் காரணம் தெரியவந்தது. சில மணி நேரத்துக்கு முன் எந்திரத்தைச் சரிபார்த்தபோது, அடைப்பிதழை இயக்கும் பகுதியிலுள்ள மறை ஒன்று சரியாக இறுக்கப்படவில்லை. பறக்கையில் அது தளர, அடைப்பிதழ் உந்துதண்டில் மோதி முறிந்து, எரிபொருள் கலவை தீப்பற்றியது.

எச்2எஸ் கடும் இரகசியமாக இருந்ததால் விபத்து மறைக்கப்பட்டது. உரிய காலத்தில் நாளேடுகளில் இரங்கற் செய்தி வரவில்லை. பெரும்பகுதிப் பணி பொதுவெளிக்குத் தெரியாத ஒருவரின் இறப்பும் தெரியாமலே போனது. அக்கருவி 1943 சனவரி இறுதியில் முதன்முதலாகப் போரில் பயன்படுத்தப்பட்டது.

காலந்தாழ்ந்த ஏற்பு

1955 இல் ஈ.எம்.ஐ. ஸ்டீரியோசோனிக் என்னும் பெயரில் ஒலிநாடாக்களை வெளியிட்டது. அவற்றின் பதிவுமுறை, ஒரே இடத்தில் வைத்த 8 வடிவ ஒலிவாங்கிகளை அடிப்படையாகக் கொண்டது. அம்முறையை வளர்த்தவர்களுள் பிளம்லைனின் பழைய தோழர் கிளார்க்கும் ஒருவர். 1950களில் டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லௌரிட்சன், கூட்டல்–வேறுபாட்டு முறையை ஒலிவாங்கி அமைப்பாகப் பரவலாக்கினார்.

1958 இல் இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரே பள்ளத்தில் இரு தடங்களை 45 பாகைச் சுவர்களில் வெட்டும் முறையைப் பொதுத் தரமாக ஏற்றன. பிளம்லைன் தம் விண்ணப்பத்தில் விளக்கியிருந்த வடிவம் அதுவே. அப்போது அவ்விண்ணப்பத்துக்கு 26 ஆண்டுகளும், பிளம்லைன் இறந்து 16 ஆண்டுகளும் கடந்திருந்தன.

கித்தார் ஒலிப்பதிவில் பயன்பாடு

மின்பெருக்கமற்ற கித்தாரின் ஒலி ஒரே புள்ளியிலிருந்து வருவதில்லை. மேற்பலகை, ஒலித்துளை, கழுத்து, நரம்புகள் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒலியைத் தருகின்றன. பெரும்பாலான கித்தார்களில், உடலினுள் உள்ள காற்று 100 ஏர்ட்சை அண்டிய அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. அதனால் ஒலித்துளைக்கு நேர் எதிரே வைத்த ஒலிவாங்கி முழக்கத்தை மிகைப்படுத்தும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, அதாவது 12 முதல் 14 வரையான கட்டைகளின் அருகே, நோக்கி ஒலிவாங்கியை வைப்பதன் காரணம் இதுவே.

இரண்டு ஒலிவாங்கிகளை இடைவெளி விட்டு வைத்தால், ஒரே ஒலி இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. தொலைவு 17 செ.மீ. வேறுபட்டால் ஏறத்தாழ அரை மில்லிநொடி தாமதம் ஏற்படும். இரு தடங்களையும் ஒன்றாகக் கலக்கும்போது 1000 ஏர்ட்சு அதிர்வெண்ணில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 3000, 5000 ஏர்ட்சுகளிலும் அவ்வாறே. ஒற்றை ஒலிபெருக்கியுள்ள வானொலியில் அக்கித்தார் மெலிந்து ஒலிப்பது இதனால்தான். பிளம்லைன் இணையில் இச்சிக்கல் பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

இம்முறையைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை:

- தொலைவு: கித்தாரின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். 60 செ.மீ. தொலைவிலிருந்து நோக்கினால் அது ஏறத்தாழ 80 பாகை விரியும். இணையின் பயன்படு கோணமான 90 பாகையை அது நெருங்குவதால், கித்தார் இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே முழுவதும் பரவிக் கேட்கும். 1 மீட்டரில் அது 53 பாகையாகச் சுருங்கி இயல்பாக அமையும்.
- தாழ்சுரம்: 8 வடிவ ஒலிவாங்கிகள் மிக அருகில் தாழ்ந்த அதிர்வெண்களைப் பெருக்கிக் காட்டும். விலகி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.
- அறை: இவ்வொலிவாங்கிகள் பின்புறத்தையும் முன்புறத்தைப் போலவே கேட்கும். அறை நன்றாக இருந்தால் பதிவில் அதன் விசாலம் சேரும். சுவர்கள் நெருங்கிய அறையாயின் அந்த நெருக்கமும் சேரும்.

அறை சரியில்லாதபோது கூட்டல்–வேறுபாட்டு முறை துணை நிற்கும். முன்புறம் மட்டும் நன்கு கேட்கும் ஒலிவாங்கி ஒன்றைக் கித்தாரை நோக்கியும், 8 வடிவ ஒலிவாங்கி ஒன்றைப் பக்கவாட்டிலும் வைக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் இடத் தடமும், கழித்தால் வலத் தடமும் கிடைக்கும். பக்கவாட்டுக் குறியின் அளவை மாற்றி, ஒலியின் அகலத்தைப் பதிவு முடிந்த பின்னரும் அமைத்துக்கொள்ளலாம். இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்தால் பக்கவாட்டுக் குறி முற்றிலும் நீங்கி, நேர்க்குறி மட்டும் எஞ்சும். பிளம்லைனின் காப்புரிமத்திலுள்ள கணக்கே இதற்கும் அடிப்படை.

தனி வாழ்க்கை

பிளம்லைன் 1933 இல் டோரீன் லேனை மணந்தார். இவர்களுக்கு இரு ஆண் மக்கள் பிறந்தனர். வானூர்தி ஓட்டுவதிலும் குதிரையேற்றத்திலும் இவருக்கு ஆர்வம் மிகுதி. இசையை விரும்பிய இவர் பியானோ கற்க முயன்று பாதியில் கைவிட்டார்.

நினைவுச் சின்னங்கள்

1977 இல், பிளம்லைன் வாழ்ந்த ஈலிங் பகுதி வீட்டில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. விரிவான வாழ்க்கை வரலாறுகள் 1999, 2000 ஆம் ஆண்டுகளில்தாம் வெளிவந்தன. 2015 இல் மின், மின்னணுப் பொறியியலாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. ஸ்டீரியோவின் கண்டுபிடிப்பை ஒரு மைல்கல்லாக அறிவித்து, அபே ரோடு கூடத்தில் பலகை நிறுவியது. 2017 இல் பிளம்லைனுக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.